குழந்தையின் சுபாவம் யார் குற்றம்?

மூத்தது தொட்டிலில் போட்டதும் தூங்கிவிடும். இரண்டாவதற்கு ராத்திரி இரண்டு மணிக்கும் தோள் வேண்டும். தாழ்ப்பாள் போடும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடும். புது முகம் ஒன்று குனிந்து பார்த்தால் வீலென்று அலறும். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, ஒரே பாலைக் குடித்தவை. பார்க்க வரும் உறவுக்காரர்களிடம் இதற்கு விளக்கம் தயாராக இருக்கும்: "நீதான் தூக்கித் தூக்கிப் பழக்கிட்ட." பள்ளிக்கூடம் போகும் வயதில் அதுவே "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்றாகும். பிள்ளை வாயே திறக்காவிட்டால் "யார்கிட்டயும் பழக விடாம பொத்திப் பொத்தி வளர்த்துட்ட." எப்படிச் சுற்றி வந்தாலும் பழி அம்மாவின் தலையில்தான் விழுகிறது.

பிறந்த சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும் இந்த வேறுபாடுகளைக் குழந்தை மனநல ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூர்ந்து பார்த்து வருகிறார்கள். அவர்கள் கண்டுசொன்னதில் பெற்றோருக்கு ஆறுதலும் உண்டு, பொறுப்பும் உண்டு. ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு "அது பிறவிக் குணம், என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுவதும் பிள்ளைக்குக் கெடுதல்தான்.

நியூயார்க்கில் ஒரு மருத்துவத் தம்பதி

1950களில் அமெரிக்க மனநல மருத்துவம் குழந்தையின் எல்லாக் கோளாறுக்கும் தாயைக் கைகாட்டியது. ஆட்டிசத்துக்குக்கூட அன்பில்லாத தாய்தான் காரணம் என்று நம்பிய காலம் அது. அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதிக்கு இது சரியாகப் படவில்லை. நல்ல தாய்மார்களின் பிள்ளைகள் தடுமாறுவதையும், பாடாய்ப்படும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் நன்றாக வளர்வதையும் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1956ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கி, 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்தார்கள்.

அவர்கள் கேள்வி கேட்ட விதம் முக்கியமானது. "குழந்தைக்குக் கஞ்சி பிடிக்கவில்லை" என்று தாய் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார்கள். துப்பியதா, முகத்தைத் திருப்பியதா, கிண்ணத்தைத் தட்டிவிட்டதா, மறுநாள் கொடுத்தபோது என்ன செய்தது என்று கேட்பார்கள். குளிப்பாட்டும்போது கால் உதைத்ததா, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, அழுதால் முனகலா அலறலா என்று விவரம் விவரமாகத் திரட்டி, 9 குணக்கூறுகளாகப் பிரித்தார்கள்.

ஏறக்குறைய 40 சதவீதக் குழந்தைகள் நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்குப் பசித்து, புதியதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டன. சுமார் 10 சதவீதம் நேர் எதிர்: ஒழுங்கில்லாத தூக்கம், எந்த மாற்றத்துக்கும் பலத்த எதிர்ப்பு, அழுகையானாலும் சிரிப்பானாலும் உச்சத்தில். இன்னும் 15 சதவீதம் புதியதைக் கண்டால் பின்வாங்கும். அலறாது, அவகாசம் கொடுத்தால் மெல்ல மெல்ல நெருங்கி வரும். மீதியுள்ள மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான குழந்தைகள் எந்த வகையிலும் அடங்கவில்லை. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மனிதர்களை மூன்று பெட்டிக்குள் போட முடியாது என்பது அந்த முதல் ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

கையாளக் கடினமான அந்த 10 சதவீதத்தில் சுமார் 70 சதவீதப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் மனநல ஆலோசனை தேவைப்படும் அளவுக்கு நடத்தைச் சிக்கல்கள் வந்தன. எளிதாகப் பழகும் பிள்ளைகளில் 18 சதவீதத்தினருக்கு வந்தன. அப்படியானால் பிறக்கும்போதே விதி எழுதப்பட்டுவிட்டதா? எழுதப்படவில்லை. கடினமானவை என்று வகுக்கப்பட்டவற்றிலும் சிக்கல் இல்லாமல் வளர்ந்தவர்கள் உண்டு, எளிதானவை என்று வகுக்கப்பட்டவற்றிலும் தடுமாறியவர்கள் உண்டு. பிள்ளையின் சுபாவமும் சுற்றியுள்ளவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே வித்தியாசத்தை உண்டாக்கியது என்று அந்தத் தம்பதி முடிவுக்கு வந்தார்கள்.

அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்கள். அந்த வீடுகளில் குழந்தை இத்தனை மணிக்குத் தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் தூக்க ஒழுங்கில்லாத குழந்தை யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. 5 வயதில் பள்ளிக்கூடம் தொடங்கி, காலையில் எழுந்தே ஆக வேண்டும் என்றபோதுதான் அது பிரச்சினை ஆனது. குழந்தை அதே குழந்தைதான். கேட்கப்பட்டது மாறியிருந்தது.

நான்கு மாதக் குழந்தையிடம் தெரிவது

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் 1989ல் ஏறக்குறைய 500 குழந்தைகளைப் பரிசோதித்தார். எல்லாம் நான்கு மாதக் குழந்தைகள், எல்லாம் ஆரோக்கியமானவை. கண்ணெதிரே வண்ண பொம்மைகள் ஆடும், ஒலிநாடாவில் முன்பின் கேட்காத குரல் பேசும், மூக்கருகே சாராய நெடியுள்ள பஞ்சுக் குச்சி வரும். ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் முதுகை வில்லாக வளைத்து, கை கால்களை உதறி அழுதன. ஐந்தில் இரண்டு பங்குக் குழந்தைகள் அலட்டிக்கொள்ளாமல் வேடிக்கை பார்த்தன.

உதறி அழுதவற்றில் பல, இரண்டு வயதில் கூச்சமும் பயமும் மிகுந்தவையாக இருந்தன. அவரது குழுவினர் 2003ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வொன்றில், இதற்கும் முன்பு கவனித்த வேறொரு குழுவில் இரண்டு வயதில் மிகவும் ஒதுங்கியிருந்தவர்களுக்கு, இருபது வயதைத் தாண்டிய பிறகு அறிமுகமில்லாத முகங்களைக் காட்டியபோது, அவர்களின் மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூண்டப்பட்டது. உடம்பில் வேரூன்றிய வேறுபாடு இது. "கொஞ்சம் தைரியமா இருடா" என்று அதட்டிப் போக்கிவிட முடியாது.

ஆனால் நான்கு மாதத்தில் உதறி அழுத குழந்தைகளில் பலர் பள்ளி வயதுக்குள் ஓரளவு சகஜமாகிவிட்டார்கள். கடைசிவரை ஒடுங்கியே இருந்தவர்கள் சிறு பகுதியினர். என்ன உதவியது என்று கேகனின் குழுவைச் சேர்ந்த டோரின் ஆர்கஸ் வீடுகளுக்கே போய்க் கவனித்தார். குழந்தை சிணுங்கும் முன்பே தூக்கி அணைத்த தாய்மார்களின் குழந்தைகள் அதிகப் பயத்தோடு வளர்ந்தன. "அதைத் தொடாதே" என்று தெளிவாகச் சொல்லி, சின்னச் சின்னத் தடுமாற்றங்களைக் குழந்தையே சமாளிக்க விட்ட வீடுகளில் பயம் குறைந்தது. தாயன்பு கூடக்கூட நல்லது என்று நம்பும் நமக்கு இதை ஏற்பது கடினம். குறைக்க வேண்டியது அன்பை இல்லை. முந்திக்கொண்டு காப்பாற்றும் அவசரத்தை.

பஞ்சத்தில் பிழைத்த அழுமூஞ்சிகள்

எந்தச் சுபாவம் நல்லது என்ற கேள்விக்கு எங்கும் பொருந்தும் பதில் இல்லை. கென்யாவில் மாசாய் மக்களிடையே மருத்துவ ஆய்வாளர் மார்ட்டன் டிவ்ரீஸ் குழந்தைகளைச் சாதுவானவை, கடினமானவை என்று வகைப்படுத்தினார். பிறகு கடும் வறட்சி வந்து மாடுகள் மடிந்தன. திரும்பிப் போய்த் தேடியபோது, அவர் கண்டறிய முடிந்த சாதுக் குழந்தைகள் ஏழில் ஐந்து இறந்துபோயிருந்தன. ஓயாமல் அழும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. அழுத பிள்ளை பால் குடித்தது. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதை மறக்கக் கூடாது. 1984ல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், நாம் "தொல்லை" என்று பெயர் வைக்கும் குணமே ஓரிடத்தில் உயிர் காக்கலாம் என்று அது காட்டியதுதான்.

காலம் மாறினாலும் மதிப்பு மாறுகிறது. சின்யின் சென் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஷாங்காய் பள்ளிப் பிள்ளைகளை 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். 1990ல் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்களும் மெச்சினார்கள். சந்தைப் பொருளாதாரம் நகரத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, 2002ல், அதே கூச்சமுள்ள பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வுக்கும் ஆளானார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் பிறவி மாறிவிடாது. பெரியவர்கள் எதைக் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடுகிறார்கள் என்பது மாறிவிட்டது.

நம் ஊரிலும் இது நடக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் "அடக்கமான பிள்ளை" என்று பெயர் வாங்கிய குழந்தை, இன்று "ஸ்மார்ட்டா இல்லையே" என்ற சொல்லைக் கேட்கிறது. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவுகோல் வேறு. பேசாத பையனை எல்லோரும் கேலி செய்கிறார்கள், அதனாலேயே அவன் கண்ணில் படுகிறான். பேசாத பெண்ணை எல்லோரும் பாராட்டுகிறார்கள். கழிப்பறைக்குப் போகணும் என்று டீச்சரிடம் கேட்கவே நடுங்கி, காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு சிறுமியின் தவிப்பு அந்தப் பாராட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் போகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது நிலைதான்.

கல்யாண மண்டபத்தில் ஒரு காட்சி

முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்கிறது. அம்மாவின் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு நான்கு வயதுப் பையன் நிற்கிறான். பெரியப்பா ஒருவர் வந்து, "என்னடா பேரு? சொல்லு. வாயில கொழுக்கட்டையா?" என்கிறார். பையன் முகத்தைப் புதைக்கிறான். "பெரியப்பாவுக்கு அந்த ரைம்ஸ் பாடிக் காட்டு" என்று அப்பா முன்னால் இழுக்கிறார். நான்கைந்து பேர் கூடுகிறார்கள். பையன் அழுகிறான். "இவன் இப்படித்தான், ரொம்பக் கூச்சம்" என்று அவன் காதுபடவே சொல்லி, அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள்.

சில நிமிடங்களில் இரண்டு தவறுகள் நடந்துவிட்டன. அப்பா அவனைக் கூட்டத்துக்குள் தள்ளினார். அம்மா அவனை முழுக்கத் தப்பிக்க வைத்தாள். தள்ளினால் பயம் கூடும். தப்பிக்க வைத்தால், அந்த இடம் உண்மையிலேயே ஆபத்தானது என்று குழந்தை முடிவு கட்டும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. கூட்டம் சேருமுன்பே மண்டபத்துக்குப் போய்விடலாம். யார் யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று வீட்டிலேயே சொல்லி வைக்கலாம். பெரியப்பா கேட்டதும், "அவன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அப்புறம் பேசுவான், நீங்க உட்காருங்க" என்று சொல்லி, அவனைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். பத்து நிமிடம் கழித்து அவனே பெரியப்பாவின் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தால் அன்றைக்கு அது போதும், அதைப் பாராட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ரொனால்டு ரேப்பி என்ற உளவியலாளர் தலைமையில், ஏறக்குறைய நான்கு வயதுள்ள, மிகவும் ஒதுங்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த முறையிலேயே பயிற்சி கொடுத்தார்கள். மொத்தம் ஆறே வகுப்புகள். பொத்திப் பாதுகாப்பதைக் குறைத்து, பயப்படும் விஷயங்களைச் சிறு படிகளாகப் பழக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாத குடும்பங்களின் பிள்ளைகளைவிட இவர்களிடம் பதற்ற நோய்கள் குறைவாக இருந்தன.

உச்சத்தில் வாழும் பிள்ளை

கூச்சப் பிள்ளையைவிட அதிகம் அடி வாங்குவது அடம்பிடிக்கும் பிள்ளை. அதற்கு அடி உதவாது. உச்சத்தில் இருக்கும் உடம்பை அடி இன்னும் உச்சத்துக்கு ஏற்றும். மாற்றத்தை முன்கூட்டிச் சொல்வது உதவும்: "இன்னும் ரெண்டு தடவை சறுக்கு, அப்புறம் வீட்டுக்குப் போறோம்." சொன்னபடி மூன்றாவது தடவை விடாமலும் இருக்க வேண்டும்.

அழுகையை நிறுத்தக் கையில் மொபைலைக் கொடுக்கும் வழக்கம் பற்றி 2022ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை அடிக்கடி இப்படி அமைதிப்படுத்திய வீடுகளில், நாளடைவில் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடமும் இயல்பிலேயே துடிப்பு மிகுந்தவர்களிடமும் இது தெளிவாகத் தெரிந்தது.

நெதர்லாந்தில் வான் டென் பூம் என்ற ஆய்வாளர், பிறந்ததிலிருந்தே எரிச்சல் மிகுந்த 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். ஏழைக் குடும்பங்கள், முதல் பிரசவம். ஒரு பாதித் தாய்மார்களை ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில் மூன்று முறை வீட்டில் சந்தித்து, குழந்தையின் சைகைகளைப் படிக்கவும் அதற்கேற்ப நடக்கவும் பழக்கினார்கள். ஒரு வயதில் அந்தக் குழந்தைகளுக்குத் தாயிடம் பாதுகாப்பான பிணைப்பு, மற்ற பாதியினரைவிட மிக அதிகமாக உருவாகியிருந்தது. மூன்று சந்திப்புகளில் இவ்வளவு முடியும் என்றால், பிரசவம் முடிந்த தாய்க்கு எடையும் தடுப்பூசியும் சொல்லும் நம் சுகாதார அமைப்பு இதையும் சொல்லலாமே என்று தோன்றுகிறது.

எது சுபாவம், எது நோய்?

கூச்சமுள்ள பிள்ளை பழகியவர்களிடம் சிரிக்கும், கண் பார்த்துப் பேசும், ஓரிரு நெருங்கிய நண்பர்களாவது வைத்திருக்கும். அது சிகிச்சை தேவைப்படாத சுபாவம். வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாத நிலை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் அது வேறு. செலக்டிவ் மியூட்டிசம் என்ற பதற்ற நோயாக இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, பெற்றோரிடமும் கண் பார்க்காமை, விரல் நீட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை இழந்துவிடுதல் ஆகியவற்றைக் கூச்சம் என்று தள்ளிப்போடவே கூடாது. காது கேட்கிறதா என்ற சோதனையும் ஆட்டிசம் பரிசோதனையும் உடனே தேவை. பள்ளி நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகவே மறுப்பது, திடீரென்று சுபாவம் மாறுவது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் கோபம் ஆகியவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கலகலப்பாக இருந்த பிள்ளை சட்டென்று ஒடுங்கினால், யாராவது தொல்லை கொடுக்கிறார்களா என்றும் மெதுவாக விசாரியுங்கள்.

தமிழ்நாட்டில் அரசின் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மனநலம் குறித்த எந்தச் சந்தேகத்துக்கும் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.