பென்சீன் இரத்தப் புற்றுநோயை எப்படி உண்டாக்குகிறது?

வேலையிடத்தில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்களில் மிக உறுதியாக நிறுவப்பட்டது பென்சீன். நிறமற்ற, இனிப்பு மணம் கொண்ட இத்திரவம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி மூச்சோடு உள்ளே போய்விடும்.

விந்தை என்னவென்றால், அதைக் கழித்துவிட முயலும் உடலே அதைக் கொடிய நஞ்சாக்குகிறது. கல்லீரல் நொதிகள் பென்சீனை ஃபீனால், ஹைட்ரோகுவினோன் போன்றவையாக மாற்றுகின்றன. இவை எலும்பு மஜ்ஜையை அடைந்ததும், அங்குள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அவற்றைக் குவினோன்களாக்குகிறது. இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் மூல செல்களின் குரோமோசோம்கள் இதனால் சிதைகின்றன. முதலில் அணுக்களின் எண்ணிக்கை குறையும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கடுமையான மைலாய்டு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வரும். நோய் தெரியும்போது தொழிலாளி வேறு வேலைக்கே போயிருக்கலாம். உலகளாவிய பாதிப்பைக் கணக்கிடுவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இஸ்தான்புல்லின் காலணிப் பட்டறைகளில் பென்சீன் கலந்த மலிவான பசையைக் காற்றோட்டமற்ற சிற்றறைகளில் தொழிலாளர்கள் தடவிவந்தார்கள். அத்தொழிலாளர்களில் 26 பேருக்கு லுக்கேமியாவோ அதன் முன்நிலையோ இருந்ததை முசாஃபர் அக்சோய் என்ற துருக்கிய மருத்துவர் 1974-இல் வெளியிட்டார். அதன் பிறகும் சட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. அமெரிக்காவில் காற்றில் பென்சீன் அளவை 10 லட்சத்தில் 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்கும் விதியை 1980-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது மீண்டும் வந்தது 1987-இல்தான்.