ஏலக்காய் ஸ்டோர்களின் அடுப்பும் புகைக்குழாயும்: மழைக்காலக் கோளாறுகளும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

ஏலக்காய் பறிக்கும் காலமும் மலையில் மழை விடாது பெய்யும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துள்ளன. உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறை முதலிய இடங்களில் ஆடி, ஆவணியில் தொடங்கும் பறிப்பு தை, மாசி வரையில் நீடிக்கிறது. மழை மாதங்களில் வெயிலை நம்பிக் காயை உலர்த்துதல் இயலாது. ஸ்டோரின் அடுப்பே வெயிலின் வேலையைச் செய்தாக வேண்டும். அவ்வடுப்பு ஓர் இரவு முறை தவறினால், பல மாதம் பாடுபட்டு வளர்த்த காய் புகை நாற்றம் ஏறியோ, நிறம் கெட்டோ விலை குறைந்துவிடுகிறது. மின்சாரத்தாலும் எரிவாயுவாலும் இயங்கும் உலர்த்திகள் இக்காலத்தில் வந்துள்ளனவாயினும், விறகடுப்பை நம்பியுள்ள தோட்டங்களும் உண்டு. அவற்றின் உடைமையாளர்களுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது.

ஸ்டோரின் அமைப்பு

அறைக்கு வெளியே வாய் அமைந்த அடுப்பில் விறகு எரிகிறது. அதன் அனலும் புகையும் அறையினுள் செல்லும் பெரிய தகரக் குழாய் வழியே ஓடி, மறுமுனையிலுள்ள புகைபோக்கியால் வெளியேறுகின்றன. குழாயின் சூடு அறைக்கு வேண்டும். புகையோ சிறிதும் வேண்டாம். இவ்விரண்டையும் பிரித்து நிற்பது மெல்லிய தகடு ஒன்றே. அத்தகட்டைக் காப்பதே ஸ்டோரைக் காப்பதாகும்.

ஈரம் செய்யும் கேடு

அடுப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றிற்கு நெருப்பைவிட ஈரமே காரணம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருத்தல் கூடும். அதனை எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துபோகிறது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோ தரும் சூட்டில் ஏறக்குறைய பாதியையே ஈர விறகு ஒரு கிலோ தருகிறது. நஷ்டம் இத்துடன் நிற்பதுமில்லை. ஈர விறகின் புகை சூடு குறைந்தது. அது குழாயின் கடைப்பகுதியை அடையும்போது குளிர்ந்து, தார் போன்ற கரிய நீராகத் தகட்டில் படிகிறது. அந்நீர் புளிப்புத் தன்மையுடையதாதலால் இரும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. எனவே, விறகைச் சேமிக்காத அலட்சியம் மறு ஆண்டில் குழாயின் ஓட்டையாக வெளிப்படுகிறது.

பறிப்பு முடிந்த பின்பும் கேடு தொடர்கிறது. குழாயில் எஞ்சிய சாம்பலும் கரியும் கோடை மழையின் ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டி நிற்கின்றன. மூடியில்லாத புகைபோக்கி வழியே இறங்கும் மழைநீரும் அதனோடு சேருகிறது. அடுப்பு எரியும் நாட்களைவிட எரியாத நாட்களிலேயே குழாய் அதிகம் துருப்பிடிக்கிறது என்று கூறினும் மிகையாகாது.

குறிகளும் காரணங்களும்

அடுப்பு மூட்டியவுடன் புகை வாய்வழியே திரும்பி வருமாயின், புகைபோக்கியில் குளிர்ந்த காற்று நிறைந்திருக்கிறதென்று அறிக. புகைபோக்கியின் அடியிலுள்ள மூடியைத் திறந்து, ஒரு பிடி காய்ந்த வைக்கோலை அதில் எரித்து மூடினால் காற்று மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும். எந்நேரமும் புகை திரும்புமாயின், குழாயில் கரி அடைத்திருக்கலாம். அல்லது புகைபோக்கி கூரை முகட்டிலும் தாழ்ந்திருக்கலாம். முகட்டிற்குமேல் மூன்றடியாவது அது உயர்ந்திருத்தல் வேண்டும்.

அடுப்பு நன்றாக எரிந்தும் காய் உலராமல் வியர்த்துப் பழுப்பு நிறம் அடையுமாயின், குற்றம் அடுப்பினுடையது அன்று. நூறு கிலோ பச்சைக்காயில் எண்பது கிலோவுக்குக் குறையாத நீர் உள்ளது. உலர்ந்த காய் சுமார் இருபத்திரண்டு கிலோவே நிற்கும். எஞ்சிய எழுபத்தெட்டு கிலோ நீரும் ஆவியாக அறையைவிட்டு வெளியேற வழி வேண்டுமன்றோ? ஆதலால் முதற் சில மணி நேரம் மேற்சாளரங்களைத் திறந்து வைத்து, ஆவி குறைந்தபின் சிறிது சிறிதாக மூடுதல் நலம். சூட்டை 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு அளவில் வெப்பமானி கொண்டு காத்து வரவேண்டும். கைவைத்துப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுதல் தவறு.

காயில் புகை வாடை வீசுமாயின் குழாயில் ஓட்டை உண்டென்பது திண்ணம்.

ஓட்டையைக் கண்டறிதலும் செப்பனிடுதலும்

வைகாசி மாதத்தில், ஸ்டோர் காலியாக உள்ளபோது, குழாயினுள் உள்ள சாம்பலையும் கரியையும் முற்றும் துடைத்தெடுக்கவும். பின்பு புகைபோக்கியின் வாயை ஈரச் சாக்கால் அடைத்து, அடுப்பில் சிறிதளவு பச்சை இலையைப் புகையவிடுக. கதவுகளும் சாளரங்களும் திறந்திருக்க, ஒருவர் உள்ளே சென்று புகை கசியும் இடங்களைச் சுண்ணாம்பால் குறியிட்டு உடனே வெளியேற வேண்டும். சோதனை முடிந்ததும் சாக்கை மறவாமல் எடுத்துவிடுக.

ஓட்டையைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவும். ஓசை கணீரென்று இருந்தால், துருவைச் சுரண்டி, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் மேற்படியும் தகட்டை ரிவெட்டு அடித்து ஒட்டுப் போடலாம். ஓசை மந்தமாக இருந்தாலும், தகடு அமுங்கினாலும், அத்துண்டையே மாற்றுதல் வேண்டும். ஈயப்பற்று சூட்டில் உருகிவிடும். மண் பூச்சு மட்டும் வெடித்து உதிரும். அடுப்பை ஒட்டிய முதல் துண்டு கடும் அனலில் தேய்வதால் தடித்த இரும்புத் தகட்டால் ஆனதாக இருக்கட்டும். குழாய் அடுப்பிலிருந்து புகைபோக்கியை நோக்கிச் சிறிது ஏற்றமாகச் செல்லவேண்டும். மேலுள்ள துண்டின் நுனி கீழுள்ள துண்டினுள் நுழையுமாறு பொருத்தினால், கரிய நீர் மூட்டு வழியே ஒழுகாமல் உள்ளேயே வடியும்.

அடுப்பின் செங்கல் வெடிப்புகளுக்குச் சிமெண்டு ஏற்றதன்று. அனலில் அது பொரிந்துவிடும். களிமண் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் பிசைந்து பூசி, நிழலில் உலரவிட்டு, இரண்டு மூன்று நாள் சிறு தீயிட்டுப் பின்னரே முழுத்தீ மூட்டுக. புகைபோக்கியின்மேல் புகை வெளியேற இடைவெளி விட்டுத் தகர மூடி அமைத்தலும், விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின்மேல் அடுக்கிக் கூரையிட்டுக் கோடையிலேயே சேமித்தலும் இன்றியமையாதன.

உயிருக்கு நேரும் அபாயம்

ஓட்டைக் குழாயால் காய் மட்டுமே கெடும் என்று எண்ணுதல் பெரும் பிழை. காற்றுக் குறைவாகப் புகைந்து எரியும் விறகிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மழை இரவில் குளிர் தாங்காது, அடுப்பைக் கவனிக்கும் தொழிலாளி ஸ்டோரின் இதமான சூட்டில் படுத்துறங்க விரும்புவது இயல்பே. சாளரங்கள் மூடப்பட்ட அவ்வறையில் குழாய் கசியுமாயின், உறங்கினவர் விழிக்காமலே போகக்கூடும். தலைவலி, மயக்கம், குமட்டல் கண்டவுடன் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஸ்டோரினுள் எவரும் உறங்கலாகாது. காவலிருப்பவருக்கு அடுப்பின் வாயருகே மழை படாத, மூன்று புறமும் காற்றோட்டமுள்ள சாய்ப்பு ஒன்றும் கம்பளியும் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை.

கிராம அதிகாரிகள் ஆனி பிறக்குமுன் தங்கள் எல்லையிலுள்ள தோட்டக்காரர்களுக்கு இவ்விஷயங்களை எடுத்துரைப்பார்களாயின் பெரும் உபகாரமாகும். கோடையில் இரண்டு நாள் வேலையும் சில தகடுகளும் செலவாவது உண்மையே. ஆயினும் ஓர் இரவுக் காய் புகைந்து போவதால் நேரும் நஷ்டத்தை நோக்க அது சிறிது. காவலிருக்கும் மனிதரின் உயிரை நோக்கவோ, அது ஒரு செலவே ஆகாது.