அச்சம் தீர்ந்தால் ஆகாரம் இறங்கும்

சொன்ன சொல் மாறுகிறவனையும், காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவனையும் பச்சோந்தி என்று ஏசுவது நம்மவர் வழக்கம். அந்த வாயில்லா ஜீவனுக்கு நாம் இழைக்கும் அநீதி இது. பிறரை ஏய்க்கும் பொருட்டு அது வேளைக்கொரு வேடம் புனைவதில்லை. உள்ளதை மறைக்கத் தெரியாத பிராணி அது. அஞ்சினால் கறுக்கிறது, குளிரெடுத்தாலும் இருண்டு போகிறது, தன்னினத்தான் எதிர்ப்பட்டால் பளிச்சிடுகிறது, ஆழ்ந்து உறங்கும்போது வெளிறிக் கிடக்கிறது. 2015ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இந்த மாற்றத்தின் காரணத்தை விளக்கினார்கள். அதன் தோலில் உள்ள ஒருவகை உயிரணுக்களில் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாய் அமைந்துள்ளன. அவற்றின் இடைவெளி கூடுவதற்கும் குறைவதற்கும் ஏற்பத் தோல் வேறு வேறு நிற ஒளியை வீசுகிறது. எனவே பச்சோந்தியை வளர்க்க விழைபவர் முதலில் கற்க வேண்டியது அதன் நிறத்தைப் படிப்பதுதான்.

வளர்க்கவும் செய்வார்களா என்று நம் வாசகர்கள் வியக்கக்கூடும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நாய், பூனை, கிளிக்கு அடுத்தபடியாகப் பல்லியினங்களை வளர்க்கும் இல்லங்கள் பல உண்டு. அங்கே மிகுதியாக வளர்க்கப்படும் பச்சோந்தி, ஏமன் நாட்டையும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைச்சரிவுகளையும் தாயகமாகக் கொண்டது. தலைமேல் முக்காடிட்டாற்போல் உயர்ந்த கொண்டை உடையது. கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாதக் குட்டியாக விற்பனைக்கு வருகிறது.

பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான். தந்தை வாங்கித் தருகிறார். சிறு பெட்டியில் வந்த குட்டியைக் கூண்டில் விடுகிறார்கள். தொல்லை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் நாள் அது ஒன்றும் உண்ணவில்லை. இரண்டாம் நாளும் உண்ணவில்லை. மூலைக் கிளையொன்றில் கறுத்துச் சுருண்டு கிடக்கிறது. தாய் கலங்குகிறாள். பிள்ளை அதைக் கையில் எடுத்துத் தடவிக் கொடுக்கிறான். வாயருகே பூச்சியைக் கொண்டுபோய்த் திணிக்கப் பார்க்கிறான். அன்பினால் செய்யப்படும் இந்தச் செயலே பல குட்டிகளுக்கு எமனாகிவிடுகிறது.

ஏன் உண்ண மறுக்கிறது?

நாயும் பூனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, நம் கையின் பரிவை அறிந்தவை. பச்சோந்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. காட்டில் பறவையும் பாம்பும் அதனை இரையாகக் கொள்கின்றன. ஓடித் தப்பும் கால்கள் அதற்கு இல்லை. அசையாமல் இலையோடு இலையாய் இருப்பதே அதன் ஒரே காப்பு. மேலிருந்து இறங்கும் கை, எவ்வளவு அன்புடையதாயினும், அதற்குப் பருந்தின் காலாகவே தோன்றும். உயிருக்கு ஆபத்து என்று எண்ணும் பிராணிக்குப் பசி தோன்றாது. இரைமீது நாக்கை நீட்டினால் தன் இருப்பிடம் பகைவனுக்குத் தெரிந்துவிடுமே என்று அது பதுங்கியே கிடக்கும். ஆகவே அதன் பட்டினிக்கு முதல் மருந்து உணவன்று, அமைதியே.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1972ஆம் ஆண்டில் கென்யாவிலிருந்து மூன்று கொம்புகளுடைய பச்சோந்திகள் சில டஜன், ஹவாய்த் தீவிலிருந்த பிராணிக் கடைக்காரர் ஒருவருக்கு வந்து சேர்ந்தன. நெடும் பயணத்தில் அவை வாடி மெலிந்திருந்தன. தேறட்டும் என்று அவர் அவற்றைத் தம் தோட்டத்தில் விட்டார். மர நிழலும் இலையில் திரண்ட நீரும் தனிமையும் கிடைக்கவே அவை பிழைத்துக்கொண்டன. பிழைத்ததோடு நில்லாமல் பல்கிப் பெருகி வேறு தீவுகளுக்கும் பரவின. அவ்வூருக்கே உரிய சிறு பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று இன்று தொல்லையாகவும் விளங்குகின்றன. இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். இலையும் நீரும் தனிமையும் பச்சோந்திக்கு உயிர்மருந்து என்பது ஒன்று. வளர்க்க இயலவில்லை என்று அயல்நாட்டுப் பிராணியை ஒருபோதும் வெளியில் விடலாகாது என்பது மற்றொன்று.

குட்டிக்கு ஏற்ற வீடு

கூண்டு அகலத்தைக் காட்டிலும் உயரம் மிகுந்ததாக இருத்தல் நன்று. பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணியன்றோ? காற்று நன்கு புகும்படி பக்கங்கள் வலையால் ஆனவையாக இருக்கலாம். உள்ளே பல திசைகளிலும் குறுக்கே செல்லும் மெல்லிய கிளைகளும், செம்பருத்தி, மணி பிளாண்ட் போன்ற உயிருள்ள செடிகளும் வேண்டும். குட்டி நினைத்தபோது இலைக்குப் பின்னே முழுவதும் மறைந்துகொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். மறைவிடம் இருந்தால் என்றும் மறைந்தே இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். ஒளிய இடமுண்டு என்று தெரிந்த பிராணிதான் துணிந்து வெளியே வரும்.

கூண்டைத் தரையில் வைக்காமல் மேசையின்மீது வைத்து, குட்டி அமரும் கிளை நம் கண்மட்டத்திற்கு மேலே இருக்கும்படி அமைக்க வேண்டும். கீழே இருந்து நம்மைப் பார்க்க நேர்ந்தால் அது அஞ்சும். ஆட்கள் இடையறாது நடமாடும் வழி, தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, சமையலறைப் புகை ஆகியவற்றிலிருந்து கூண்டு விலகியிருக்கட்டும். தன் உருவத்தைக் கண்ணாடியில் கண்டாலும் பகைவன் வந்துவிட்டான் என்றே அது எண்ணும். துணைக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரே கூண்டில் இரண்டை விடுவது கொடுமை. பச்சோந்தி தனித்து வாழும் இயல்புடையது.

முதல் இரண்டு வாரங்கள் அதனைத் தொடவே கூடாது. நீர் தெளிக்கவும், உணவு வைக்கவும், கூண்டைத் துப்புரவு செய்யவும் மட்டுமே கை உள்ளே செல்ல வேண்டும். அதுவும் மெதுவாக, பக்கவாட்டிலிருந்து.

நீரும் வெப்பமும்

கிண்ணத்தில் நீரை வைத்துவிட்டுக் குடிக்கும் என்று காத்திருந்தால் குட்டி தாகத்தால் மாளும். அசையாது தேங்கி நிற்கும் நீரைப் பச்சோந்தி பொதுவாக நீரென்றே உணர்வதில்லை. இலையில் உருளும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். காலையிலும் மாலையிலும் செடிகளின்மேல் மென்மையாக நீர் தெளிக்க வேண்டும். மேலிருந்து துளித்துளியாய் இலைமீது நீர் சொட்டும்படி ஏற்பாடு செய்தால் இன்னும் சிறப்பு. அடுத்த தெளிப்புக்குள் இலைகள் உலர்ந்துவிட வேண்டும். போதிய நீர் கிடைத்ததா என்பதை எச்சத்தைக் கொண்டே அறியலாம். அதில் காணப்படும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெண்மையாக இருந்தால் நலம். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினால் நீர் போதவில்லை. கண்கள் குழிவிழுந்தாலும் அதுவே பொருள்.

பச்சோந்தி தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. வெயிலில் காய்ந்த பின்னரே அதற்கு வயிறு வேலை செய்யும். குளிர்ந்த கூண்டில் எத்தனை பூச்சிகளை விட்டாலும் பசி எழாது. ஆகவே கூண்டின் மேல்மூலையில், வெளிப்புறமாக, வெப்ப விளக்கொன்று அமைத்து, அதன் கீழுள்ள கிளையில் குட்டிக்கு 29 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைக்கச் செய்ய வேண்டும். ஏனைய பகுதி சற்றுக் குளிர்ந்தே இருக்கட்டும். வெப்பம் மிகுந்தால் அது இறங்கிக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? வெப்பமானி கொண்டு அளக்காமல் கையால் தொட்டு மதிப்பிடலாகாது. பகல் 12 மணி நேரம் விளக்கெரிந்து, இரவில் முழு இருட்டாக வேண்டும்.

வெப்ப விளக்கு ஒன்றே போதாது. புற ஊதாக் கதிர் வீசும் விளக்கும் இன்றியமையாதது. அக்கதிர் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி உண்டாகி, உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். கால்சியம் குன்றினால் வளரும் குட்டியின் கால்கள் வளைந்து, தாடை மென்மையாகி, நாக்கை நீட்டும் வலிமையும் போய்விடும்.

ஊட்டும் முறை

உடலின் நீளத்தைப்போல் இருமடங்கு வரை நீளக்கூடிய நாக்கு பச்சோந்தியினுடையது. அதன் நுனியிலுள்ள உமிழ்நீர், மனிதனின் உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. இந்த வேட்டைக் கருவியைத் தூண்டுவது இரையின் அசைவே. செத்த பூச்சியை வைத்தால் அது பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது.

குட்டிக்கு ஏற்றவை சிறிய சுவர்க்கோழிகளும், பழத்தை மொய்க்கும் சிற்றீக்களும். பூச்சியின் நீளம் குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை விஞ்சாமல் இருக்க வேண்டும். பெரிய பூச்சியைக் கண்டால் அது உண்பதற்கு மாறாக அஞ்சும். விளக்கெரிந்து ஒரு மணி நேரம் கழித்து, உடல் சூடேறிய பின், நாலைந்து பூச்சிகளை மட்டும் அதன் கண்ணில் படும் செடியில் விட்டுவிட்டு நாம் அவ்விடம் விட்டு அகல வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது உண்ணாது. தேறிய குட்டி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் உண்ணக்கூடும்; வந்த புதிதில் இரண்டு மூன்று உண்டாலும் மனநிறைவு கொள்ளலாம். எஞ்சிய சுவர்க்கோழிகளை மாலையில் எடுத்துவிட வேண்டும். அவை இரவில் உறங்கும் குட்டியையே கடித்துவிடும்.

பூச்சி பட்டினி கிடந்தால் அதை உண்ணும் குட்டிக்கு என்ன சத்து கிடைக்கும்? ஆதலால் முதல் நாளே பூச்சிகளுக்குக் கீரையும் காரட்டும் கொடுத்து வளர்க்க வேண்டும். கொடுக்குமுன் கால்சியம் பொடியை அவற்றின்மேல் மெல்லத் தூவ வேண்டும். வைட்டமின் கலந்த பொடி மாதம் இருமுறை போதும். மிகுந்தால் அதுவும் தீங்கே. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போடலாகாது. மின்மினியோ பல்லியினங்களுக்குக் கொடிய நஞ்சு.

இரண்டொரு நாள் உண்ணாதிருத்தல் புதிய இடத்தின் அச்சத்தால் நேர்வது. நான்கு நாள் கடந்தும் ஒன்றும் உண்ணாவிட்டாலும், பகலில் கண்களை மூடியே இருந்தாலும், கிளையைப் பற்ற வலுவின்றி விழுந்தாலும், காரணமின்றி வாயைத் திறந்தே மூச்சுவிட்டாலும் தாமதம் கூடாது. ஊர்வன பிராணிகளின் நோயறிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்ல வேண்டும். வாரம் ஒருமுறை சிறு தராசில் எடை பார்த்துக் குறித்து வருவது நன்று. அதற்காகத் தனியே பிடிக்காமல், கிளையோடு நிறுத்துக் கிளையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் நலம்

ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி அவற்றுக்குத் தீங்கின்றித் தங்கியிருக்கலாம். நமக்கோ அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். குழந்தைகள் பலர் இவ்வாறு நோயுற்றதால் 1975இல் அமெரிக்க அரசு சிற்றாமைக் குஞ்சுகளின் விற்பனையையே தடை செய்தது. கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகள் உள்ள வீட்டுக்கு இப்பிராணி ஏற்றதன்று. கூண்டின் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாகாது.

நம் நாட்டுப் பெற்றோருக்கும் ஒரு சொல். தமிழகத்து வேலிகளிலும் மரங்களிலும் அரிதாகத் தென்படும் பச்சோந்தி வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாய் நிற்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். பன்னாட்டு வணிக உடன்படிக்கையால் காக்கப்படும் அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் திருத்தம் விதிக்கிறது. ஆகவே நம்மூரில் இந்த ஜீவனுக்குச் செய்யத்தக்க பேருதவி, அதன்மேல் கல்லெறியாமல் சிறுவரைத் தடுப்பதும், நின்று பார்த்துவிட்டு அதன் வழியே போகவிடுவதுமே.

அயல்நாட்டில் இதை வளர்க்கும் பிள்ளையிடமும் பெற்றோர் இதையே சொல்லலாம். தூக்கிக் கொஞ்சுவதற்கு உரிய பிராணியன்று இது. அதற்கு என்ன வேண்டும் என்றறிந்து, நீரும் ஒளியும் இரையும் வேளை தவறாது தந்து, சற்றே விலகி நிற்க வேண்டும். சிறு பிள்ளைக்கு இது எளிதன்று, பெரியவர்களுக்கும் எளிதன்று. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் இவ்வாறு பொறுத்திருந்தால், கறுத்துக் கிடந்த குட்டி ஒரு காலையில் பச்சை நிறம் கொண்டு, விளக்கின் கீழுள்ள கிளைக்குத் தானாகவே ஏறிவரும். இலைமேல் நகரும் பூச்சியை ஒரு கண்ணாலும், வாயிற்படியில் நிற்கும் பிள்ளையை மறு கண்ணாலும் நோக்கும். பிறகு அவன் எதிரிலேயே நாக்கை நீட்டி உண்ணும்.