காசு கொடுத்தவனுக்கே காவலா?

உழைத்தவனுக்குக் கூலி கொடாமல் அவன் உழைப்பின் பயனை அநுபவிப்பது அநீதி என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் மென்பொருள் விஷயத்தில் மட்டும் பலருக்கு மனம் உறுத்துவதில்லை. "பிரதிதானே எடுத்தோம்? உடையவனிடம் அவன் பொருள் அப்படியே இருக்கிறதே!" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த வழக்கு பழையது. 1976-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பில் கேட்ஸ் என்னும் 20 வயது வாலிபர் அமெரிக்காவில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரும் அவருடைய நண்பர்களும் 'ஆல்டேர்' என்ற சிறு கம்ப்யூட்டருக்காக 'பேஸிக்' என்னும் மென்பொருளை இயற்றியிருந்தார்கள். காகித நாடாவில் துளைகளாகப் பதிந்திருந்த அதனை, ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதி எடுத்துக்கொண்டனர். ஆல்டேர் வைத்திருந்தோரில் 100-க்கு 10 பேர்கூட அதை விலைக்கு வாங்கவில்லை என்றும், தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் முறையிட்டார். யந்திரத்துக்கு விலை கொடுத்தவர்களுக்கு, அதை இயக்கும் அறிவுக்கு விலை கொடுக்க மனம் வரவில்லை! அவர் முறையீடு நியாயமானதே.

ஆனால் திருட்டுக்கு அஞ்சுகிற வியாபாரி, வாங்க வருகிறவர்களையெல்லாம் திருடராகப் பாவித்தால் என்ன ஆகும்? 2005-ஆம் வருஷத்தில் ஸோனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பெனியார் இதைச் செய்து பார்த்தார்கள். 50-க்கு மேற்பட்ட இசைத் தொகுப்புகளின் குறுந்தகடுகளில், பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருளையும் சேர்த்து விற்றார்கள். தகட்டைக் கம்ப்யூட்டரில் இட்டதும் ஓர் உரிம ஒப்பந்தம் தோன்றும். அதற்குச் சம்மதித்தால் மென்பொருள் உள்ளே புகுந்து, இருக்குமிடம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அது ஒளிந்திருக்கும் என்பதையோ, எளிதில் அகற்ற முடியாது என்பதையோ ஒப்பந்தம் சொல்லவில்லை.

அக்டோபர் 31-ஆம் தேதி மார்க் ருஸ்ஸினோவிச் என்ற நிபுணர் இந்த ரகசியத்தை அம்பலப்படுத்தினார். அவர் விலை கொடுத்து வாங்கிய தகட்டிலிருந்தே அது வந்திருந்தது. அதை அவர் அகற்ற முயன்றபோது, தகடு வாசிக்கும் கருவியே கம்ப்யூட்டருக்குப் புலப்படாமல் போயிற்று. பிறகு, அதே மறைவிடத்தில் விஷமிகள் எழுதிய வைரஸ்களும் பதுங்கத் தொடங்கின. நவம்பரில் கம்பெனியார் தகடுகளைத் திரும்பப் பெற்றார்கள். 2007-இல் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனுடன் உடன்பாடு செய்து, பழுதான கம்ப்யூட்டர்களுக்காக 150 டாலர் வரை ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

விபரீதத்தைப் பாருங்கள்! பாட்டை மட்டும் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தவனுக்கு இந்த மென்பொருளால் ஒரு தீங்கும் இல்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்தவன்தான் அவதிப்பட்டான். யோக்கியதைக்கு அபராதம் விதிக்கும் கடைக்கு யோக்கியர்கள் எத்தனை நாள் வருவார்கள்?

இதனால் திருட்டு நியாயமாகிவிடாது. ஒருவர் செய்த வஞ்சனை மற்றவருக்கு அநுமதிச் சீட்டு அன்று. உரிம ஒப்பந்தம் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்த வேண்டும். வாங்குகிறவர் உழைப்புக்கு உரிய விலையை மறுக்கலாகாது. விற்கிறவர் தாம் விற்பது இன்னதென்பதை மறைக்கலாகாது.