ஒரு கோடி செக்கன் எத்தனை நாள்?

"உம்மா, ஒரு கோடி செக்கன் எத்தனை நாள்?" என்று மகள் கணிதக் கொப்பியோடு வந்து நின்றால், அடுப்படி வேலையைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. சாதாரண தரக் கணிதத்தில் தவறியதோடு படிப்பு நின்றுபோன பெண் பிள்ளைகள் நம் தோட்டப்புறங்களில் எத்தனையோ பேர். அவர்களை மிரட்டுவது பெரும்பாலும் பூச்சியங்கள்தாம்.

ஒரு நாளுக்கு 86,400 செக்கன். இந்த ஓர் எண் மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வகுத்தல்தான். ஓர் இலட்சம் செக்கன் என்பது ஒரு நாளும் மூன்றே முக்கால் மணித்தியாலமும். ஒரு கோடி, ஏறத்தாழ 116 நாள். நான்கு மாதம்கூட இல்லை! நூறு கோடியோ 31 வருடமும் எட்டு மாதமும். அதாவது, பல தாய்மாரின் வயது.

ஓர் இலட்சம் கோடி? சுமார் 31,700 வருடம். இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்டைக்கு அருகே பட்டதொம்பலென குகை இருக்கிறதே, அங்கே மனிதர் வாழ்ந்த தடயங்கள் 30,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஆக, அந்தப் பெரிய எண்ணுக்கும் நம் ஊரிலேயே ஓர் இடம் உண்டு.

சிறிய பக்கத்துக்குக் கைக்கடிகாரமே போதும். பற்றரியில் ஓடும் சாதாரண முள் கடிகாரத்துக்குள் ஒரு சிறு படிகக்கல் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. (மாணிக்கக் குழியில் வேண்டாமென்று வீசுகிறார்களே, அதே இனம்; ஆனால் இது ஆலையில் வளர்த்தது.) ஏன் இப்படியொரு எண்? மகளை 15 தடவை பாதி பாதியாக்கச் சொல்லுங்கள். சரியாக 1 வரும். செக்கன் முள் ஒருமுறை நகர்வது அந்த ஒன்றுக்குத்தான்.