களவும் கரவும்

பிறர் பொருளை அவர் அறியாமற் கொள்வது களவு. பிறர் அறியவேண்டிய உண்மையை அவர் அறியாவண்ணம் மறைப்பது கரவு. முன்னையதற்குப் பொலீஸ் நிலையமும் நீதவான் மன்றமும் உள. பின்னையது பெரும்பாலும் வீட்டினுள்ளும் கணக்கேட்டினுள்ளும் நடந்து முடிந்துவிடும். அதற்கு வழக்கும் இல்லை, தண்டமும் இல்லை. அறத்தின் முன்னிலையில் இவற்றுள் எது பெருந்தீமை என்னும் வினா மேல்வகுப்பு மாணவரின் சொற்போரில் அடிக்கடி தலைகாட்டுவது. களவே கொடிது என்று வாதிப்போரே பெரும்பாலும் வெல்வர். சட்டம் தண்டிப்பது பெரியது, விட்டுவிடுவது சிறியது என்பது அவர்தம் அடிப்படை. அவ்வடிப்படை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நம் மலையகத்தின் வரலாற்றை வைத்தே ஆராயலாம் என எண்ணுகின்றோம். (களவு என்னும் பெயரால் தொல்காப்பியத்தில் ஓர் இயலே உண்டு, அது வேறு. மாணவர் புன்முறுவலை அடக்கிக்கொள்க.)

நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முன்மாதிரியாய் அமைந்தது 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அச்சட்டத்தின் முதல் வரைவை 1837 இல் மெக்காலே என்பார் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஆக்கிற்று. வரைவோடு இணைத்த குறிப்புரையில் அக்குழுவினர் நாம் எடுத்துக்கொண்ட வினாவையே தொட்டுச் செல்கின்றனர். பசியால் சோற்றைப் பறித்து உண்டவன் ஒருவன்; சோறு இருந்தும் சாகின்றவனுக்கு ஒரு கவளம் ஈய மறுத்த செல்வன் மற்றொருவன். பின்னவனே மிக இழிந்தவனாதல் கூடும் என அவர்கள் தயங்காது ஒப்புக்கொள்கின்றனர். ஆயினும் தண்டனை முன்னவனுக்கே. தண்டச் சட்டம் தீங்கு செய்யாமல் தடுப்பதோடு அமைய வேண்டும். ஏனையவற்றைப் பொதுமக்கள் கருத்துக்கும் அறம் போதிப்போர்க்கும் விட்டுவிடுதல் வேண்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். அறம் போதிப்போர் என்றவிடத்து ஆசிரியராகிய யாமும் அடங்குவோம் ஆதலின், அவர்கள் இறக்கிவைத்த சுமை எம் தலையிலும் ஏறிற்று என்க.

ஆகவே சட்டத்தை வகுத்தோரே அதனைப் பாவத்தின் அளவுகோலாகக் கருதினாரல்லர். அது வேலி, தராசு அன்று. இனி, அவ்வேலி மலையகத்தில் எவ்விடத்தில் நாட்டப்பட்டது என்று பார்ப்போம்.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. வேலைக்கு வர மறுத்தவனும் குற்றவாளி. ஒப்பந்தத்தை மீறுதல் என்பது பிறரிடத்தில் உரிமை வழக்குக்கு உரிய செய்தி. ஈடு கேட்டு வழக்காடலாம், அவ்வளவே. தோட்டத் தொழிலாளியிடத்திலோ அது சிறைக்கு உரிய குற்றமாயிற்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கக் கண்டு, இரவோடிரவாக வேறு தோட்டம் தேடிப் போயின், அவர்களைத் துரத்திப் பிடிப்பதற்குப் பிடியாணை உண்டு. அவர் செய்தது யாது? சொன்ன சொல்லைக் காவாமை. அதுவும், தமக்குச் சொல்லப்பட்ட சொல் காக்கப்படாதபோது.

மறுபுறத்தில் இருந்தது துண்டு முறை. பெரிய கங்காணி ஆட்களைத் திரட்டுவதற்குத் துரையிடம் முற்பணம் பெறுவார். கப்பற் செலவு, வழிச்சாப்பாடு, கம்பளி, அரிசி எனப் பலவும் ஆட்களின் பெயரிற் கடனாக ஏறும். அவர் தம் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பின், இன்ன தொகையைச் செலுத்தின் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டொன்று பழைய தோட்டத்தில் வழங்கப்படும். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். பழைய கடன் புதிய தோட்டத்துக் கடனாகும். பெயர்வுதோறும் அது வளரும். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் பெயரில் நிற்கும் கடன் எவ்வளவு என்பது தெரியாது. எதற்காக ஏறிற்று என்பதும் தெரியாது. பல தோட்டங்களிற் கூலியும் கங்காணி கைவழியே வந்தது. கடன் கழிந்ததா, கழியவில்லையா என்பதற்கு அவர் வாய்ச்சொல்லே சான்று. சட்டத்தின் கண்ணில் இவையெல்லாம் கடன் கொடுத்தவனுக்கும் கொண்டவனுக்கும் இடையிலான தனிக்காரியம்.

கங்காணிமார் அனைவரும் இத்தகையோர் என்று யாம் கூறவில்லை. தம் ஆட்களைப் பிள்ளைகள்போற் பேணியவர்களும், கோயிலும் பள்ளியும் கட்ட முன்னின்றவர்களும் இருந்தனர். அவர்தம் பேரர் சிலர் இம்மலரைப் படிக்கவும் கூடும். யாம் பேசுவது முறையைப் பற்றி. ஓடிப்போனவன் ஒருநாள் ஒரு சொல்லை மீறினான். கணக்கை மறைத்தவர் ஆண்டுகள்தோறும், ஒவ்வொரு சம்பள நாளிலும், தம்மை நம்பியவர் முகத்தை நோக்கியவாறே மீறினார். முன்னவன் சிறை சென்றான். பின்னவர்க்கு மாலை விழுந்தது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் அக்காலத்தை ஒட்டியே நீங்கின. தஞ்சையிலிருந்து வந்து, துணி வணிகர்போலத் தோட்டங்களினுட் புகுந்து நிலைமையைக் கண்டறிந்த கோ. நடேசய்யர் தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களின் வாயிலாக இம்மறைவுகளை வெளிக்கொணர்ந்தமையை நம்மிற் பலர் அறிவர். 1936 இல் அவரை அட்டன் தொகுதி மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

சட்டம் மாறியவுடன் அச்செயல்களின் தன்மையும் மாறிவிட்டதா? 1920 இல் குற்றமாயிருந்த ஓடிப்போதல் சில ஆண்டுகளிற் குற்றமன்றாயிற்று. மனிதன் அவனே, பாதை அதுவே. அஃதாயின், குற்றம் என்னும் பெயர் ஒரு செயலின் கனத்தை நமக்குச் சொல்லாது. வேறோர் அளவை வேண்டும்.

அவ்வளவை எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு இதுவே: ஏமாற்றப்பட்டவன் எவ்வளவு நம்பினான்? தன்னைக் காத்துக்கொள்ள அவனுக்கு எவ்வளவு வழி இருந்தது? கள்வனிடமிருந்து காக்கப் பூட்டு உண்டு, நாய் உண்டு, அயலவர் கூக்குரல் உண்டு. நம்பியவனிடமிருந்து காக்க யாதும் இல்லை. கள்வன் தன்னைக் கள்வன் என்று அறிவான். கரவுடையவனோ தன்னை நல்லவன் என்றே நம்பி உறங்குவான். திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தை 28 ஆம் அதிகாரத்திலும், கள்ளாமையை 29 ஆம் அதிகாரத்திலும், வாய்மையை 30 ஆம் அதிகாரத்திலும் அடுத்தடுத்து வைத்தமை தற்செயலாகத் தோன்றவில்லை. மூன்றும் அறத்துப்பாலைச் சேர்ந்தவை. அரசனது தண்டத்தைப் பற்றி அவர் பேசுவது பொருட்பாலில். களவைத் தண்டத்தோடு சேர்க்காது கரவுக்கும் வாய்மைக்கும் நடுவே நிறுத்திய அவ்வைப்புமுறையை மாணவர் ஊன்றி நோக்குவாராக.

இதனாற் கொலையினும் பொய் கொடிது என்று யாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. உயிருக்கு ஊறு செய்வது தனி வகை. அதனை இந்தத் தராசில் வைத்தல் தகாது. பொருளையும் உழைப்பையும் பற்றிய தீமைகளையே ஒப்பிடுகின்றோம்.

பழங்கதை போதும். இன்றைய மலையில் ஒரு நிறுவைக் களத்தைப் பார்ப்போம். பொய்த் தராசு வைத்தல் குற்றம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் பற்றிய சட்டம் அதற்கென உண்டு. ஆனால் மெய்த் தராசில் 20 கிலோ என்று முள் காட்ட, ஏட்டில் 18 என்று எழுதினால்? கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றலுக்கு என்று காரணம் சொல்லப்படும். அதற்குப் பெயர் கழிவு, வழக்கம் என்பர். நாளொன்றுக்கு 2 கிலோ வீதம் 25 நாளைக்கு ஒருத்தியின் கொழுந்தில் 50 கிலோ போகும். 30 பேர் கொண்ட ஒரு மலையில் அது 1500 கிலோ. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 1 கிலோ தேயிலை எனக் கொண்டால், மாதம் 300 கிலோ தேயிலை. அதே தோட்டத்தில் அரைக்கிலோத் தேயிலைத் தூளை மடியிற் கட்டிக்கொண்டு வெளிவந்த ஒரு பையனைப் பொலீசார் அழைத்துப் போவர். லயம் முழுவதும் அவனைக் கள்வன் என்னும். ஈரத்துக்குக் கழிப்பது முற்றிலும் நியாயமற்றது என்று சொல்ல மாட்டோம்; மழை நாளிற் கொழுந்து நீரோடுதான் வரும். வெயில் நாளிலும் அதே இரண்டு கிலோ கழியுமாயின், அதனை ஈரம் என்பது யாங்ஙனம்?

2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்கூலி 1000 ரூபா எனச் சம்பளச் சபையின் வழியே வர்த்தமானி வெளிவந்தபோது மலையகம் மகிழ்ந்தது. முழுப்பேருக்கு உரிய கிலோவை எட்டாதவளுக்கு அரைப்பேர் எழுதப்படும் இடங்களில், கழியும் அவ்விரண்டு கிலோவே முழுப்பேரை அரைப்பேராக்கிவிடுதலும் உண்டு. வர்த்தமானியில் எழுதிய தொகையை ஏட்டில் எழுதும் எண் விழுங்கிவிடும்.

சேமலாப நிதியைப் பற்றியும் ஒரு சொல். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில் கொள்வோர் பங்காக 12 வீதமும் நிதிக்குச் செல்ல வேண்டும். 8 வீதத்தைக் கழித்துக்கொண்டு நிதிக்கு அனுப்பாமலிருத்தல் குற்றமே. எனினும் நடைமுறையில் அதனை நிலுவை என்று மென்மையாக அழைக்கின்றோம். ஐம்பத்தைந்து வயதில் முதுகு வளைந்து, பணத்துக்கு அலைபவளுக்கு அச்சொல்லின் மென்மை புலப்படுமா?

அவ்வாறாயின் கரவு அனைத்தையும் குற்றமாக்கிவிடலாமே என்று மாணவன் ஒருவன் கேட்கலாம். யாம் உடன்படோம். தனிமனிதர் சொல்லுறுதிக்குள் சிறைக்கதவைக் கொண்டுவந்து வைத்தாற் பயன் யாதென்பதை 1865 ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு முன்னரே காட்டிவிட்டது. அது வலியவனை விட்டு எளியவனையே பிடித்தது. கரவை நீக்குவது வெளிச்சம். எழுதும்போதே எண்ணை உரக்கச் சொல்லுதல், எழுதிய ஏட்டை உரியவளுக்குக் காட்டுதல், காட்டியதை அவள் வாசிக்கத் தெரிந்திருத்தல் ஆகிய இவையே அதற்கு வேண்டுவன.

கையொப்பமிட்டுவிட்டுப் பாடஞ் சொல்லாத ஆசிரியனும், அயலவன் விடைத்தாளைப் பார்த்தெழுதும் மாணவனும் இவ்வகையினரே. அவர்களைப் பற்றி நீட்டி எழுத இடம் போதாது. நம் பழைய மாணவருட் பலர் இன்று தோட்டங்களில் கணக்கப்பிள்ளைமாராகவும் வெளிக்கள உத்தியோகத்தராகவும் தொழிற்சங்க அலுவலராகவும் உள்ளனர். பேனை அவர்கள் கையில் இருக்கின்றது. இன்றும் மாணவர் பலர் சம்பள நாளன்று தாயின் சம்பளச் சீட்டை வாங்கி வாசித்துக் காட்டுகின்றனர். வரவு இவ்வளவு, சேமலாப நிதிக்கு இவ்வளவு, சங்கச் சந்தா இவ்வளவு என்று அவர்கள் வாசிப்பர். யாம் கண்ட சீட்டுகளில் நிறுவைக் கழிவுக்கு ஒரு நிரல் இல்லை. அது சீட்டுக்கு வருமுன்னரே கழிந்துபோயிற்று.