ஓமோன்களும் உளநிலையும்: மனச்சோர்வு பற்றிய பொருள்முதல்வாத நோக்கு

மனச்சோர்வு பற்றிச் சிந்திக்கும்போது முற்போக்காளராகிய நாம் எளிதில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவதுண்டு. அது அந்நியமாதலின் உள வெளிப்பாடு என்றும், அதற்கு மாத்திரை கொடுப்பது சமூக நோயைத் தனிமனித நோயாக மாற்றும் தந்திரமென்றும் கூறிவிடுகிறோம். மறுபுறத்தில், மருந்துக் கம்பனிகளின் விளம்பரங்கள் மூளையின் இரசாயனச் சமநிலைக் குலைவு என்ற ஒற்றைத் தொடரில் அதனை அடக்கிவிட்டன. முன்னது உடலை மறக்கிறது. பின்னது சமூகத்தை மறக்கிறது. ஓமோன்கள் பற்றிய மருத்துவ வரலாறு இவ்விரு நோக்குகளின் குறைபாட்டையும் ஒருங்கே புலப்படுத்துவதாகும்.

முதலில் உடலை நோக்குவோம். கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி போதியளவு ஓமோனைச் சுரக்காதவிடத்து உடலின் அனுசேபம் மந்தமடைகிறது. களைப்பு, மறதி, சிந்தனைத் தளர்ச்சி, ஆர்வமின்மை ஆகியன தோன்றுகின்றன. இவை மனச்சோர்வின் குறிகளைப் பெரிதும் ஒத்தவை. இக்குறைபாட்டுக்கும் உளக்கோளாறுகளுக்குமுள்ள தொடர்பை இலண்டன் மருத்துவர் சங்கமொன்றின் அறிக்கை 1888இலேயே பதிவுசெய்தது. 1891இல் ஜோர்ஜ் மறே செம்மறியாட்டுத் தைரொயிட் சாற்றை ஊசிமூலம் செலுத்திச் சிகிச்சையளித்தார். 1949இல் றிச்சர்ட் ஆஷர் இக்குறைபாட்டோடு உளப்பிறழ்வும் உற்ற 14 நோயாளரைப் பற்றி எழுதினார்; தைரொயிட் சிகிச்சையினால் அவர்களுட் பெரும்பாலோர் தெளிவடைந்தனர். இத்தகைய நோயாளரிடம் அந்நியமாதல் பற்றி விரிவுரையாற்றுதல் கொடுமையாகும். அவருக்கு முதலில் வேண்டியவை இரத்தப் பரிசோதனையும் தைரொக்சின் மாத்திரையுமே.

இனி, மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளை நோக்குவோம். இமிப்பிரமின் என்னும் மருந்தின் பயனைச் சுவிற்சர்லாந்து மருத்துவர் றோலண்ட் கூன் 1957இல் அறிவித்தார். அது எவ்வாறு செயற்படுகிறது என்பது அப்போது தெரியாது. மருந்து முன்னே வந்தது. கோட்பாடு பின்னே வந்தது. 1965இல் ஜோசப் சில்ட்கிறவுட் நொரதிரீனலின் குறைவு பற்றிய கருதுகோளை விரித்துரைத்தார். பின்னர் செரட்டோனின் அவ்விடத்தைப் பெற்றது. ஆயின், இம்மருந்துகள் சில மணித்தியாலங்களிலேயே மூளை இரசாயனத்தை மாற்றத் தொடங்க, நோயாளர் தேறுவதற்கோ வாரங்கள் செல்கின்றன. செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்குச் சீரான சான்றில்லை என 2022இல் ஜொவானா மொன்கிறீவ் முதலானோரின் ஆய்வு மீளாய்வு முடிவுகூறியது. அதேவேளை, 522 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, 21 மருந்துகளும் போலிமாத்திரையிலும் மிதமான அளவிலேனும் கூடிய பயன் தந்தமையைக் காட்டியது. முதல் மருந்துகளால் தேறாத நோயாளருக்குத் தைரொயிட் ஓமோனைச் சேர்த்துக் கொடுத்தபோது ஏறத்தாழ நால்வரில் ஒருவர் குணமடைந்ததாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. அவ்வாய்வில் போலிமாத்திரை ஒப்பீடு இடம்பெறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, கோட்பாடு தளர்ந்தமையால் மருந்தும் பயனற்றது எனக் கொள்ளல் தருக்கப் பிழையாகும். இவ்விவாதத்தைக் கேட்டு, வைத்தியரைக் கலந்தாலோசிக்காது மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

ஓமோனின் அளவு மாத்திரமே உளநிலையைத் தீர்மானிக்கின்றதா? மகப்பேற்றின்பின் சில நாள்களுள் ஈத்திரசனும் புரொஜெஸ்தரோனும் தாயின் உடலில் வெகுவாகக் குறைகின்றன. இது தாய்மார் யாவர்க்கும் பொது. ஆயின், ஒரு பகுதியினரே நோயுறுகின்றனர். 2000ஆம் ஆண்டில் வெளியான சிறு பரிசோதனையொன்று இதனை விளக்குகிறது. மகப்பேற்றின்பின் மனச்சோர்வுற்ற அனுபவமுடைய எட்டுப் பெண்களுக்கும் அவ்வனுபவமற்ற எட்டுப் பெண்களுக்கும் இவ்வோமோன்களைச் சமமாக உயர்த்திப் பின்னர் நிறுத்தினர். முன்னைய குழுவில் ஐவர் மனநிலை பாதிப்புற்றனர். பின்னைய குழுவில் ஒருவரேனும் பாதிப்புறவில்லை. மாற்றம் ஒன்றே, அதனை எதிர்கொண்ட உடல்கள் வேறு.

உடல்களின் இவ்வேறுபாட்டில் பரம்பரைக்குப் பங்குண்டு. வாழ்க்கை வரலாற்றுக்கும் பங்குண்டு. இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜோர்ஜ் பிறவுணும் ரிறில் ஹரிஸும் 1978இல் வெளியிட்ட நூல், தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு கூடுதலாக இருந்தமையை நிறுவியது. மனம்விட்டுப் பேச ஒருவர் இன்மை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ பலரோ இருத்தல், வெளித்தொழில் இன்மை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழத்தல் ஆகியன கடும் இன்னல் நேரும்போது நோய்க்கு வழிவகுத்தன என அவர்கள் கண்டனர்.

இத்தகைய இன்னல்கள் உடலினுட் புகும் வழிகளுள் ஓமோனும் ஒன்று. நெருக்கடி நேரும்போது மூளையும் கபச்சுரப்பியும் தூண்ட, அதிரீனல் சுரப்பி கோட்டிசோலை வெளியிடுகிறது. கடும் மனச்சோர்வுற்றோர் பலரிடம் அதன் அளவு உயர்ந்திருக்கக் காணப்பட்டுள்ளது. வேறு நோயினாற் கோட்டிசோல் மிகுந்தோரிடமும் மனச்சோர்வு பெருமளவிற் காணப்படுகிறது. எனவே, சமூகத்திலிருந்து உடலுக்கும் உடலிலிருந்து உளத்துக்குமாக இத்தொடர்பு இயங்குகிறது எனலாம்.

உளத்தை இரசாயனமாகக் குறுக்குவது இயந்திரப் பொருள்முதல்வாதம். உடலை மறந்து சமூகத்தை மாத்திரம் பேசுவதோ, பொருள்முதல்வாதத்தின் பெயரால் நிகழும் கருத்துமுதல்வாதமேயாகும். கம்பர்வெல்லின் தாயொருத்திக்கு இரத்தப் பரிசோதனையும் தேவை, வேண்டியவிடத்து மருந்தும் தேவை, அவளது சுமையைப் பகிரும் சமூக ஏற்பாடும் தேவை. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கும் எந்த விளக்கமும், அது எத்துணை முற்போக்கான சொற்களிற் கூறப்படினும், அவளைக் கைவிடும் விளக்கமேயாகும்.